காலமானார், இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார்: இறந்தபின் எங்கே செல்கிறோம்?

தமிழ் நாளிதழில் வரும் மரண அறிவிப்பை நம்மில் பெரும்பாலோர் படத்தையும் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். தெரிந்த முகமாக இருந்தால், நல்லுடல் எந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டுள்ளது, எத்தனை மணிக்கு மண்டாய்க்குப் புறப்படும் என்று பார்க்கிறோம். அந்தச் சிறு கட்டத்துக்குள் இருக்கும் வினைச்சொல்லை நின்று படிப்பவர்கள் குறைவு. ஆனால், இறந்தபின் மனிதருக்கு என்ன ஆகிறது என்று அந்தக் குடும்பம் நம்புகிறதோ, அதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

“சிவபதவி அடைந்தார்” என்று இருந்தால் சைவக் குடும்பம். உயிர் சிவனின் திருவடியைச் சேர்ந்துவிட்டது என்பது பொருள். “பரமபதம் அடைந்தார்” என்றால் வைணவர். “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்பது கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கு. அதில் வரும் ‘நித்திரை’ வெறும் அலங்காரச் சொல் அன்று. தூங்குகிறவர் ஒருநாள் எழுந்தாக வேண்டும். உயிர்த்தெழும் நாளைப் பற்றிய நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் “வஃபாத்தானார்” என்பதன் அரபு வேருக்கு, கொடுத்ததை முழுமையாகத் திரும்பப் பெறுதல் என்ற பொருள் உண்டு. இறைவன் தந்த உயிரை அவனே எடுத்துக்கொண்டான். பெயருக்கு முன் ‘அமரர்’ என்று போடுகிறோமே, அதற்குச் சாவில்லாதவர், தேவர் என்று பொருள்.

“இயற்கை எய்தினார்” என்ற சொல் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. மேலுலகம், மறுபிறவி ஆகியவற்றை ஏற்காத சுயமரியாதை, பகுத்தறிவுக் குடும்பங்கள் விரும்பிப் பயன்படுத்துவது. எல்லாருக்கும் பொதுவான “காலமானார்” எதையும் உறுதியாகச் சொல்லாத சொல். ஒருவர் காலத்தோடு காலமாகிவிட்டார், அவ்வளவுதான். அது எங்கும் புழங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால், இந்தப் பிரிவுகள் அறிவிப்புத் தாளில் மட்டும்தான் இவ்வளவு தெளிவாக இருக்கின்றன. வீட்டுக்குள் போனால் கதை வேறு. “இறைவனடி சேர்ந்தார்” என்று அறிவிப்புக் கொடுத்த அதே குடும்பம் எட்டாம் நாள் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறது. அடுத்த ஆண்டு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், “பாட்டியே திரும்பி வந்திருக்கிறார்” என்கிறது. ஆடி அமாவாசையன்று சாதம் வைத்துவிட்டுக் காகத்துக்காகக் காத்திருக்கிறது. இறைவனடியில் இருப்பவர் எப்படிப் படையலுக்கு வருவார்? பேத்தியாகப் பிறந்துவிட்டவர் எப்படிக் காகமாக வருவார்? கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணான நான்கு நம்பிக்கைகள் ஒரே கூடத்தில் இருக்கின்றன. யாருக்கும் அது தொந்தரவாக இருப்பதில்லை.

தொந்தரவு வரும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் ஒரு மருத்துவரோ, இறுதிச்சடங்கு நிறுவனத்தின் ஊழியரோ கேள்வி கேட்டு, சில மணி நேரத்துக்குள் பதில் எதிர்பார்க்கும்போது, எந்த நம்பிக்கையின்படி முடிவெடுப்பது என்பதில் அண்ணன் தம்பிக்குள் கருத்து வேறுபடுகிறது. சம்பந்தப்பட்டவரைக் கேட்க வழியில்லை. அதனால்தான் இவை எங்கிருந்து வந்தன, இங்குள்ள நடைமுறைகளோடு எங்கே உரசுகின்றன என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பதினாறு நாளில் என்ன நடக்கிறது?

சிங்கப்பூர் இந்துக் குடும்பங்களில் சாவுக்குப் பிந்தைய நாள்கள் பெரும்பாலும் மூன்று நிலைகளாகப் போகின்றன: தகனத்துக்கு மறுநாளோ அன்றோ அஸ்தி எடுப்பது, எட்டாம் நாள் படையல், பதினாறாம் நாள் கருமகிரியை. கருமாதி என்று பேச்சில் சொல்வோம். ஏன் இத்தனை நாள்?

தர்ம சாத்திர மரபு தரும் விளக்கம் இது. உடலை விட்ட உயிர் உடனே முன்னோர் உலகுக்குப் போய்விடுவதில்லை. இடையில் அது ‘பிரேதம்’ என்ற நிலையில் இருக்கிறது. பிரேதம் என்றால் நாம் நினைப்பதுபோல் சடலம் அன்று; ‘புறப்பட்டுப் போனவர்’ என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அதற்கு உடல் இல்லை. ஆனால் பசியும் தாகமும் உண்டு. முதல் பத்து நாள் வைக்கப்படும் பிண்டங்களால் பயணத்துக்கான ஒரு நுண்ணுடல் உறுப்பு உறுப்பாக உருவாகிறது என்பது நம்பிக்கை. பிறகு செய்யும் சபிண்டீகரணம் என்ற சடங்கில், இறந்தவருக்கான பிண்டம் அவருடைய தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோருக்கான பிண்டங்களோடு சேர்க்கப்படுகிறது. அதுவரை ‘பிரேதமாக’ இருந்தவர் அப்போது ‘பிதிர்’ ஆகிறார், அதாவது முன்னோர் வரிசையில் சேர்கிறார். புதியவர் ஒருவர் உள்ளே வர, அந்த வரிசையில் மூத்தவர் நகர்ந்து இடம் கொடுக்கிறார். அய்யர் மந்திரம் சொல்ல, நாம் உருண்டை பிடித்து வைக்கும் அந்த எள்ளும் சாதமும் உண்மையில் ஓர் அறிமுகக் கூட்டம்: இவர் உங்கள் வீட்டுப் பிள்ளை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருட புராணம் இதற்கு மேலும் ஒரு பயணக் கதையைச் சேர்க்கிறது. யமனுலகுக்குப் போகும் வழி, வழியிலுள்ள ஊர்கள், கடக்க வேண்டிய வைதரணி ஆறு என்று ஓராண்டுப் பயணம். மாதந்தோறும் செய்வது அந்த வழிக்கான சாப்பாடு. ஆண்டு முடிவில் திதி.

புத்தகத்தில் இருப்பது இது. வீட்டில் நடப்பதில் இதைவிட அன்பும் அதிகம், பயமும் அதிகம். எட்டாம் நாள் படையலில் ஆட்டிறைச்சி, மீன், முட்டை, இறந்தவர் விரும்பிக் குடித்த பானம் ஒரு போத்தல், சிகரெட் என்று எல்லாம் இருக்கும். சாத்திரம் படித்தவர் பார்த்தால் முகம் சுளிக்கலாம். படைத்தவர்களைக் கேட்டால், “அவருக்கு வேறென்ன பிடிக்கும்?” என்பார்கள். இன்னொரு பக்கம், கொள்ளிக்குடம் உடைத்தவரைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்வார்கள். “சனிப் பிணம் தனிப் போகாது” என்று சனிக்கிழமை இறப்புக்குக் கோழியையோ தேங்காயையோ துணைக்கு அனுப்புவார்கள். ஒரே ஆளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். அதே ஆள் திரும்பி வந்துவிடக் கூடாது என்று வாசலையும் காக்கிறோம். பசியோடு போகவும் கூடாது, போகாமல் இருந்துவிடவும் கூடாது. துக்க வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு உணர்வுகளும் ஒரே நேரத்தில் வரும் என்பது தெரியும். சடங்கை ஏற்படுத்தியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இடத்தோடு பொருந்தாமல் போன வழக்கங்களும் உண்டு. அவிட்டம் முதல் ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களில் இறந்தால் அது தனிஷ்டா பஞ்சமி; ‘அடைப்பு’ என்று சொல்வார்கள். உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும் என்பது பழைய விதி. நான்கு பேர் வாழும் மூவறை வீவக வீட்டில் ஓர் அறையை ஆறு மாதம் பூட்டினால் யார் எங்கே படுப்பது? இன்று பெரும்பாலோர் மருத்துவமனையில் இறப்பதால் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை. எழும் வீடுகளில் ஒரு விளக்கும் ஒரு பரிகாரமும் போதும் என்று முடித்துக்கொள்கிறார்கள்.

பழந்தமிழரும் ஒரே கருத்தில் இருந்ததில்லை

இந்த நம்பிக்கைகளெல்லாம் வடக்கிலிருந்து வந்தவை, தமிழருக்கு இவை கிடையா என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாமே தொன்றுதொட்டு இப்படித்தான் என்பவர்களும் உண்டு. இலக்கியத்தைப் புரட்டினால் இரு தரப்புக்கும் முழு வெற்றி இல்லை.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். அங்கு இரும்புக் கருவிகளும் பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்துள்ளன. எதுவுமே மிச்சமில்லை என்று நம்புகிறவர்கள் இறந்தவரோடு பொன்னை வைத்து மூடுவார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டார்கள். அதற்கான கல்லைத் தேடிக் கண்டு, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரையிலான படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. எட்டாம் நாள் படையலில் போத்தல் வைப்பதைக் கேலி செய்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அதற்கும் இதற்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் மனம் ஒன்றுதான்.

இல்லறத்தான் பேண வேண்டியவர்களைப் பட்டியலிடும்போது வள்ளுவர் தென்புலத்தாரை, அதாவது இறந்துபோன முன்னோரை, தெய்வத்துக்கும் முன்னால் வைக்கிறார். நிலையாமை அதிகாரத்தில் சாவை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகிறார். முன்னோர் தென்திசையில் இருக்கிறார்கள் என்பதும், உயிர் மீண்டும் மீண்டும் பிறக்கிறது என்பதும் ஒரே நூலில் இருக்கின்றன. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் குழப்பம் புதியது அன்று.

மணிமேகலை இன்னும் சுவாரசியமானது. அந்தக் காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டப் பகுதியில் வரும் சுடுகாட்டில், எரிப்பவர்கள், வெளியில் இடுபவர்கள், குழியில் புதைப்பவர்கள், நிலவறை போன்ற பள்ளத்தில் அடைப்பவர்கள், தாழியால் கவிப்பவர்கள் என ஐந்து வழிகளில் இறந்தவர்களைக் கையாள்கிறார்கள். ஒரே ஊரில், அருகருகே. மணிபல்லவத் தீவில் தன் முற்பிறவியை அறிந்துகொண்ட மணிமேகலை, பின்னர் வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களில் ஒருவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து ஊறும்போது மயக்கம் தரும் தன்மை தோன்றுவதுபோல, பூதங்கள் சேரும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் அது போய்விடுகிறது, இன்பமும் துன்பமும் இந்தப் பிறவியோடு முடிந்தன என்கிறான். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன் என்கிறவனிடம், உன் தாய் தந்தையர் யாரென்று எப்படி அறிந்தாய் என்று அவள் கேட்கிறாள். நூல் அவள் பக்கம். ஆனாலும் அவன் வாதத்தை மறைக்காமல் நூலில் வைத்திருக்கிறார் சாத்தனார். மறுமையை நம்பாத தமிழரும் பழைய தமிழரே.

சிங்கப்பூரில் அந்தக் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். சடங்குகளுக்கு ஆகும் செலவு, அவற்றில் நுழைந்த சாதி வேறுபாடு ஆகியவற்றைச் சீர்திருத்த இயக்கத்தினர் கேள்விக்குள்ளாக்கினர். இன்றும் அய்யர் இல்லாமல், படத்திறப்பும் நினைவுரையுமாக விடைகொடுக்கும் குடும்பங்கள் அந்த வழியில் வந்தவை.

எழும் நாள்வரை காத்திருத்தல்

தமிழ் முஸ்லிம்களின் நம்பிக்கையில் உயிர் சுழன்று சுழன்று பிறப்பதில்லை. இறப்புக்கும் மறுமை நாளுக்கும் இடையிலான காலம் ‘பர்ஸக்’. கப்ரில் வைத்தபின் முன்கர், நகீர் என்ற இரு வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். அதனால் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, தொழுகை நடத்தி, கூடிய விரைவில் அடக்கம் செய்கிறார்கள். எரியூட்டல் கிடையாது. மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாள்களில் ஃபாத்திஹா ஓதிச் சாப்பாடு கொடுப்பது பல குடும்பங்களின் வழக்கம். அது தேவையில்லை என்று சொல்பவர்களும் அந்தச் சமூகத்துக்குள் இருக்கிறார்கள். அந்த விவாதமும் அவ்வப்போது சாவு வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

கிறிஸ்தவர்களிலும் எல்லாரும் ஒன்றல்லர். கத்தோலிக்கர்கள் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ உண்டு என்று நம்புகிறார்கள். அங்குத் தூய்மையடையும் ஆன்மாக்களுக்காக வேண்டுவதால்தான் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். சீர்திருத்தத் திருச்சபைகள் அதை ஏற்பதில்லை. தகனத்துக்கு இருந்த தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963ல் தளர்த்தியது. ஆனால் சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டிலும் வைக்கக் கூடாது, புனித இடமொன்றில் வைக்க வேண்டும் என்று 2016ல் வத்திக்கன் விளக்கம் தந்தது. கடலில் கரைப்பது இந்துவுக்குக் கடமை; கத்தோலிக்கருக்கு விலக்கு.

அப்பா இந்து, பிள்ளைகளில் ஒருவர் கிறிஸ்தவர் என்ற குடும்பங்கள் இங்கு நிறைய உண்டு. கொள்ளி வைப்பது யார், அஸ்தி எங்கே போகும் என்பது அங்கு இறையியல் கேள்வியாகவா வருகிறது? அப்பா என்ன விரும்பியிருப்பார் என்ற கேள்வியாகத்தான் வருகிறது. அதற்கு அப்பா எப்போதாவது பதில் சொல்லியிருந்தால் நல்லது.

நிலமும் கடலும்

இறந்தவர்கள் ஓரிடத்தில் நிரந்தரமாக இருப்பார்கள் என்ற எண்ணத்துக்குச் சிங்கப்பூரில் இடம் குறைவு. கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் அடக்கமாகியிருந்த பிடாடாரி இடுகாடு 1972ல் மூடப்பட்டு, பின்னர் தோண்டியெடுக்கப்பட்டது. இன்று அங்கு வீவக வீடுகள். இப்போது அடக்கத்துக்குத் திறந்திருப்பது சுவா சூ காங் இடுகாடு. அங்கும் 1998ல் அறிவிக்கப்பட்ட கொள்கையின்படி ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான். அதன்பின் தோண்டியெடுத்து, சமயம் அனுமதித்தால் தகனம் செய்வார்கள். அடக்கம்தான் வேண்டும் என்னும் சமயத்தினரைச் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்வார்கள்.

இது இந்துக்களையும் தொடும். பச்சிளங் குழந்தைகளையும் துறவிகளையும் எரிப்பதில்லை என்பது மரபு. குழந்தைக்கு வினைப்பற்று ஏறவில்லை, துறவிக்கு அது எரிந்துவிட்டது, ஆகவே நெருப்பு தேவையில்லை என்பது விளக்கம். பதினைந்து ஆண்டு கழித்துத் தேசிய சுற்றுப்புற வாரியத்திலிருந்து தகவல் வரும்போது, ஒருமுறை ஆறிய துக்கத்தைப் பெற்றோர் இன்னொருமுறை எதிர்கொள்கிறார்கள்.

தகனம் என்றால் பெரும்பாலோருக்கு மண்டாய். 1982ல் திறக்கப்பட்ட அந்தத் தகனச்சாலையில் சிதை இல்லை, விறகு இல்லை. பார்வையாளர் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பெட்டி நகர்ந்து போவதைப் பார்க்கிறோம். சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு இந்தக் கூடத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. மகள்களும் பேத்திகளும் முன்வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், இங்கு நடந்த மாற்றங்களிலேயே நல்ல மாற்றம் இதுதான்.

அஸ்தியைக் கரைப்பது ஐம்பூதங்களில் வந்தது ஐம்பூதங்களில் சேர வேண்டும் என்பதற்காக. உயிர் பழைய உடலின் மிச்சத்தைப் பற்றிக்கொண்டு நிற்காமல் இருப்பதற்காகவும்தான். கடலில் கரைக்க, செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. படகு அமர்த்திப் போவார்கள். ஒரு பகுதியை எடுத்துவைத்து ராமேசுவரத்துக்கோ காசிக்கோ காவிரிக்கோ கொண்டுபோகும் குடும்பங்களும் உண்டு. 2021 மே மாதம் முதல் சுவா சூ காங்கில் சாம்பலைத் தரையில் தூவும் ‘அமைதிப் பூங்கா’வும் உள்ளது. அது எந்தச் சமயத்துக்கும் உரியதன்று. பெயர்ப்பலகை இருக்காது, படையல் வைக்க முடியாது. ஓடும் நீர் வேண்டும் என்று நினைப்பவருக்கு அது பொருந்தாது. மண்ணில் சேர்ந்தால் போதும் என்பவருக்குப் பொருந்தும்.

காகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்க காலத்தில் காகம் கரைந்தால் விருந்தினர் வருவார். அதைப் பாடியதாலேயே ஒரு புலவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர். பிற்காலத்தில் அதே காகம் முன்னோரின் தூதர் ஆனது. அமாவாசைக்கு அது வந்து சாதத்தைத் தொட்டால் அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று மனம் ஆறும். ஆனால் இங்கு வனவிலங்குச் சட்டப்படி, 2020 ஜூன் முதல் நாடு முழுவதும் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவளிக்கத் தடை உள்ளது. முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பூசையறையில் படைத்துவிட்டு வீட்டில் உள்ளவர்களே சாப்பிடுவது, அன்று முதியோர் இல்லத்துக்கோ கோயில் அன்னதானத்துக்கோ கொடுப்பது என்று பலர் மாறியிருக்கிறார்கள். முன்னோர் பேரில் பசித்தவருக்குச் சோறிடுவதற்கும் சாத்திரத்தில் இடமுண்டு.

உயிர் எப்போது பிரிகிறது?

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வருகிறது. சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987ல் நிறைவேறியபோது, விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகத்தை மட்டுமே எடுக்க அனுமதித்தது. முஸ்லிம்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2004ல் கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவையும், விபத்து அல்லாத மரணங்களும் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சமயத் தீர்ப்புக்குப் பிறகு 2008ல் முஸ்லிம்களும் இதன்கீழ் வந்தனர். இன்று 21 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரும், விலகிக்கொள்வதாகப் பதிவு செய்யாதவரை, இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ‘நான் கையெழுத்துப் போடவில்லையே’ என்பது இங்கு செல்லாது. கையெழுத்து விலகுவதற்குத்தான் தேவை, சேர்வதற்கு அன்று. விலகியவருக்குப் பின்னாளில் உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை குறையும். முழு உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுப்பது வேறொரு சட்டத்தின்கீழ் வருகிறது. அதற்கு 18 வயதானவர்கள் தாங்களாக முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவரின் மார்பு, இயந்திரத்தின் உதவியால் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உடல் சூடாக இருக்கும். சிகிச்சையிலும் உறுப்பு மாற்றிலும் தொடர்பில்லாத இரு மருத்துவர்கள் இறப்பை உறுதிசெய்த பிறகே அடுத்த கட்டம். சட்டப்படி அவர் இறந்துவிட்டார். ஆனால் மூச்சுதான் உயிர் என்று கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு, மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் மகன் இறந்துவிட்டான் என்பது எப்படிப் புரியும்? ‘கண்ணை எடுத்துவிட்டால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பானோ’ என்ற பயமும் சிலருக்கு உண்டு. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அது அன்பிலிருந்து வரும் பயம்.

அந்தப் பயத்துக்குச் சமய மரபுக்குள்ளேயே பதில் இருக்கிறது. பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்துவதைப் போல உயிர் உடலை மாற்றுகிறது என்கிறது பகவத் கீதை. களைந்த ஆடையில் ஒரு துண்டு இல்லை என்பதால் புதிய ஆடை கிழிந்து வருவதில்லை. சைவர்கள் வணங்கும் அறுபத்து மூவரில் கண்ணப்பர் தம் கண்ணையே தோண்டி அப்பியவர். ததீசி முனிவர் தம் எலும்பைத் தேவர்களுக்குக் கொடுத்தார் என்கிறது புராணம். இந்த எடுத்துக்காட்டுகளை ஏற்காத ஒருவர் விலகுவதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஏற்பதும் விலகுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த விருப்பம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

பேசுவதற்கு இங்கே வழிகள் உள்ளன. உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 1996 முதல் சட்டம் உண்டு. அதைவிடப் பரந்தது ‘முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்’. எது முக்கியம், எங்கே இறக்க விரும்புகிறோம், பேச முடியாமல் போனால் யார் நமக்காகப் பேச வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவமனைகளிலும் சமூக அமைப்புகளிலும் பயிற்சி பெற்றவர்களின் உதவியோடு பதிந்துவைக்கலாம்.

நம் வீடுகளில் “நான் செத்துப்போனால்” என்று ஒரு பெரியவர் தொடங்கினாலே, “அபசகுனமா பேசாதீங்க” என்று வாயை அடைத்துவிடுகிறோம். நேரே சாவைப் பற்றிக் கேட்க நா எழாவிட்டால், பக்கத்திலிருந்து தொடங்கலாம். தாத்தாவின் அஸ்தியை எங்கே கரைத்தீர்கள், ஏன் அங்கே? தேவாரம் பாட வேண்டுமா, மேளம் வேண்டுமா, எதுவுமே வேண்டாமா? ‘காலமானார்’ போதுமா, வேறு சொல் போட வேண்டுமா? எட்டாம் நாள் படையலில் என்ன வைக்க வேண்டும் என்றும் கேட்கலாம். பல பெரியவர்கள் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே, எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பது உட்பட.